லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் எஞ்சின் மாற்றம்

லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் எஞ்சின் மாற்றம் என்பது, 1948 முதல் 1985 வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் உருவான லேண்ட் ரோவர் சீரீஸ் 1, 2, 2ஏ, 3 ஆகிய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் தேய்ந்த எஞ்சினை நீக்கிவிட்டு வேறோர் எஞ்சினைப் பொருத்துவதைக் குறிக்கும். இவ்வண்டிகளின் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. சட்டகம் துருப்பிடித்தாலும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவோ புதிதாக மாற்றவோ இயலும். இதனால் வண்டி அதன் முதல் எஞ்சினைவிட நெடுநாள் வாழ்வது வழக்கமாயிற்று. மாற்று எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனே முதலில் பேசப்படுகிறது. ஆனால் மாற்றம் வெற்றி பெறுமா என்பதைப் பெரும்பாலும் கியர்பெட்டி, அச்சுகள், தடைகள், குளிர்விப்பு ஆகிய பிற பகுதிகளே முடிவு செய்கின்றன.

தொழிற்சாலை எஞ்சின்கள்

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதில் இருந்தது ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கொண்ட 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பின்னர் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், 1957இல் 2 லிட்டர் டீசல் எஞ்சினும் வந்தன. 1958இல் சீரீஸ் 2 உடன் அறிமுகமான 2286 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும், 1961இல் சீரீஸ் 2ஏ உடன் வந்த அதே கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினும் இவ்வண்டிகளின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இவை இரண்டும் '2¼ லிட்டர்' என்று அழைக்கப்படுகின்றன. 1967 முதல் 109 அங்குல நீள வண்டிகளுக்கு 2.6 லிட்டர் ஆறு உருளை பெட்ரோல் எஞ்சினும் கிடைத்தது.

1980இல் 2¼ லிட்டர் எஞ்சின்களின் கிராங்க் தண்டைத் தாங்கும் முதன்மைத் தாங்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. பழைய எஞ்சின் ஒன்றை வாங்குவோர் இதைக் கவனிப்பது நல்லது. ஐந்து தாங்கி எஞ்சினில் கிராங்க் தண்டு வளைந்து கொடுப்பது குறைவு.

எண்களில் சொல்வதானால், 2¼ லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 70 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 2500 சுழற்சிகளில் ஏறத்தாழ 168 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் தருவது. டீசல் எஞ்சின் 62 குதிரைத்திறனும் ஏறத்தாழ 140 நியூட்டன் மீட்டரும் தரும். திருப்புவிசை என்பது தண்டைத் திருகும் வலிமை. குதிரைத்திறன் என்பது அந்த வலிமையை எவ்வளவு விரைவாகச் செலுத்த முடிகிறது என்பதன் அளவு. சேற்றிலும் ஏற்றத்திலும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு முன்னது முதன்மையானது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குப் பின்னது.

கியர் விகிதம் விதிக்கும் எல்லை

சீரீஸ் வண்டிகளின் அச்சுகளில் உள்ள டிஃபரன்ஷியல் விகிதம் 4.7:1. கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்பர் பெட்டி, உயர் நிலையிலும் 1.148:1 என்ற அளவில் வேகத்தைக் குறைக்கிறது. இவ்விரண்டையும் பெருக்கினால் நான்காம் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் ஏறத்தாழ 5.4 முறை சுழல வேண்டும். 7.50-16 அளவுள்ள டயர்களுடன், எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் செல்லும். 88 அங்குல வண்டியின் சிறிய 6.00-16 டயர்களுடன் இது 24 கிலோமீட்டரளவே.

எளிய இக்கணக்கே பல எஞ்சின்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பிரித்தானியாவில் ஒரு காலத்தில் பரவலாகப் பொருத்தப்பட்ட பெர்கின்ஸ் 4.203 டீசல் எஞ்சின் இதற்குச் சான்று. 3.3 லிட்டர் கொள்ளளவுள்ள இது டிராக்டர்களிலும் பயன்பட்டது. சிக்கனமானது, உறுதியானது, தாழ்ந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருவது. ஆனால் அது நிமிடத்துக்கு 2600 அளவிலான சுழற்சிகளுக்குள் வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டது. மேற்கண்ட கணக்கின்படி வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேலே நின்றுவிடும். பண்ணைக்குள் ஓடும் வண்டிக்கு அது போதும். இன்றைய நெடுஞ்சாலையில் சரக்குந்துகளே அதை முந்திச் செல்லும். அந்த எஞ்சினின் எடையும் அதிர்வும் இவற்றோடு சேரும்.

விகிதத்தை மாற்றவும் வழிகள் உண்டு. ஃபேரி நிறுவனம் உருவாக்கிய ஓவர்டிரைவ் என்னும் துணைப் பெட்டி, எஞ்சின் சுழற்சியை ஏறத்தாழ 22% குறைக்கிறது. ரேஞ்ச் ரோவரின் 3.54:1 டிஃபரன்ஷியலைச் சீரீஸ் அச்சுக்குள் பொருத்துவது மற்றொரு வழி. அப்போது ஆயிரம் சுழற்சிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் கிடைக்கும். எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. சீரீஸ் 3இல் தாழ்நிலை முதல் கியரின் மொத்த விகிதம் ஏறத்தாழ 40.6:1. டிஃபரன்ஷியலை மாற்றியதும் அது 30.6:1 ஆகக் குறையும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பாலேயே மெதுவாக இறங்கும் இயல்பு, அதாவது இவ்வண்டியை வாங்கியதற்கான காரணங்களுள் ஒன்று, அதே அளவுக்குக் குன்றும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து அளவெடுப்பதால், உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது 60 என்றே காட்டும்.

எது உடையும்

எஞ்சின் தரும் திருப்புவிசையை ஒவ்வொரு கியரும் பெருக்கியே சக்கரத்துக்கு அனுப்புகிறது. தாழ்நிலை முதல் கியரில் 2¼ லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் 168 நியூட்டன் மீட்டர், அச்சுகளைச் சேரும்போது கோட்பாட்டளவில் ஏறத்தாழ 6,800 ஆகிறது. 265 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினைப் பொருத்தினால் அது 10,700ஐத் தாண்டும். சமதரையில் இந்த அளவு முழுதும் வெளிப்படாது. அதற்கு முன்பே டயர் சறுக்கிவிடும். சறுக்க முடியாமல் சக்கரம் பாறையிடுக்கில் சிக்கியிருக்கும்போதோ, காற்றில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரெனத் தரையைப் பற்றும்போதோ தான் ஆபத்து.

அப்போது முதலில் முறிவது பெரும்பாலும் பின்னச்சின் அரைத்தண்டு. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் இத்தண்டுகள், பத்து வரிப்பற்களைக் கொண்ட பழைய வடிவத்தில், தொழிற்சாலை எஞ்சினுடனேயே முறிவதற்குப் பெயர்போனவை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் மாற்றுத் தண்டு ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தனர். சீரீஸ் 3இன் நீள வண்டிகளில் பின்புறம் சாலிஸ்பரி வகை அச்சு பொருத்தப்பட்டதால் அவற்றில் இத்தொல்லை குறைவு. கியர்பெட்டியும் தப்புவதில்லை. பழைய சீரீஸ் கியர்பெட்டி ஏறத்தாழ 70 குதிரைத்திறனுக்கென உருவானது. அதன் ஆயுள் இனி ஓட்டுநரின் வலது காலைப் பொறுத்தது.

தடைகளைப் பற்றிய பேச்சு எப்போதும் பின்னால்தான் வருகிறது. 88 அங்குல வண்டியில் நான்கு சக்கரங்களிலும் 10 அங்குல உருளைத் தடைகளே உள்ளன. 109 அங்குல வண்டியில் 11 அங்குலம். வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய வண்டியை 110இல் ஓடச் செய்தால், நிறுத்தும்போது தடைகள் வெப்பமாக வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.9 மடங்கு. ஆகவே வேகத்தைக் கூட்டும் எஞ்சினை வாங்குவதற்கு முன்பே தடை மாற்றத்துக்கான செலவையும் கணக்கிடுவது பட்டறைகளில் நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது.

உருவாக்கிய நிறுவனமே செய்த மாற்றம்

இவ்விடர்களை வெளியாட்கள் மட்டும் சந்திக்கவில்லை. 1979இல் லேண்ட் ரோவர் நிறுவனமே 109 அங்குல வண்டியில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி 'ஸ்டேஜ் 1' என்ற பெயரில் வெளியிட்டது. அந்த எஞ்சின் அமெரிக்காவின் பியூக் நிறுவனத்திடமிருந்து 1960களின் நடுவில் ரோவர் உரிமை பெற்ற அலுமினிய எஞ்சினின் வழிவந்தது.

நிறுவனம் என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. சீரீஸ் கியர்பெட்டியை விட்டுவிட்டு, ரேஞ்ச் ரோவரில் இருந்த எல்டி95 கியர்பெட்டியையும் நிலையான நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்துக்கொண்டது. டிஃபரன்ஷியல் விகிதம் 3.54:1 ஆக மாற்றப்பட்டது. எஞ்சினுக்கு இடம் போதாமல் ரேடியேட்டரும் முன் வலையும் முன்னுக்குத் தள்ளப்பட்டன. வண்டியின் முகமே மாறியது. இவ்வளவுக்கும் பிறகு எஞ்சினின் திறன் 91 குதிரைத்திறனாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ரேஞ்ச் ரோவரில் அதே எஞ்சின் அதைவிட மிகுதியாகத் தந்துவந்தது. வண்டியை வடிவமைத்தவர்களே தயங்கிய இடத்தில், கட்டுப்படுத்தப்படாத வி8 எஞ்சினைப் பழைய சீரீஸ் கியர்பெட்டியுடன் இணைப்போர் இன்றும் உள்ளனர். அலுமினியத்தால் ஆனதால் அந்த எஞ்சின் கனமற்றது. அதன் ஒலியும் இனியது. எரிபொருள் செலவு மட்டும் இனியதன்று.

குடும்பத்துக்குள் தேடுதல்

வெட்டு ஒட்டு வேலை குறைவாக இருக்க வேண்டுமெனில், 2¼ லிட்டர் எஞ்சினின் வழித்தோன்றல்களே முதல் தெரிவு. 1984இல் டீசல் எஞ்சினும் 1985இல் பெட்ரோல் எஞ்சினும் 2.5 லிட்டராக வளர்ந்தன. இவை பழைய கியர்பெட்டியின் மணிவடிவ உறையுடன் அதிகச் சிக்கலின்றி இணைவன. திறன் பெரிதாகக் கூடுவதில்லை. 2.5 லிட்டர் டீசல் 68 குதிரைத்திறனளவே தரும். அதனாலேயே வேறெதையும் மாற்ற வேண்டியிருக்காது. 1986இல் வந்த இதன் டர்போ வடிவம் 85 குதிரைத்திறன் தந்தது. ஆனால் உந்துதண்டுத் தலைகள் வெடிப்பது குறித்துக் கெட்ட பெயர் பெற்றதால் அதை நாடுவோர் குறைவு.

சீரீஸ் வண்டிகளுக்கு மிகுதியாக விரும்பப்படும் மாற்று எஞ்சின் 200டிடிஐ. 2.5 லிட்டர் கொள்ளளவும் டர்போவும் இடைக்குளிர்விப்பானும் கொண்ட, எரிபொருளை நேரடியாக உருளைக்குள் பீய்ச்சும் இந்த டீசல் எஞ்சின், 1989இல் டிஸ்கவரி வண்டியிலும் 1990இல் டிஃபெண்டரிலும் வந்தது. டிஸ்கவரியில் 111 குதிரைத்திறனும் 265 நியூட்டன் மீட்டரும் தந்தது. பழைய 2¼ லிட்டர் டீசலில் எரிபொருள் தனிச் சிற்றறையில் எரியத் தொடங்கி உருளைக்குள் பரவும். அவ்வறையின் சுவர்களில் வெப்பம் வீணாகும். நேரடிப் பீய்ச்சலில் அவ்விழப்பு இல்லாததால் 200டிடிஐ கூடுதல் திறனையும் குறைந்த எரிபொருள் செலவையும் ஒருங்கே தருகிறது.

இதன் அடிப்படை வடிவம் பழைய எஞ்சின் வரிசையிலிருந்து வந்தது என்பதே இங்கு முதன்மையானது. கியர்பெட்டியுடன் இணையும் முகம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சில திருகாணிகளின் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். டிஸ்கவரியிலிருந்து எடுத்த எஞ்சினில் டர்போ தாழ்வாக அமைந்திருப்பதால் அது சீரீஸ் சட்டகத்துடன் முட்டும். டிஃபெண்டரில் இருந்தது மேலே அமைந்தது. அதனால் எளிதில் பொருந்தும். சிலர் டர்போவையே நீக்கிவிட்டுச் சாதாரணக் காற்றிழுப்பில் ஓட்டுகின்றனர். திறன் குறையும், ஆனால் அரைத்தண்டும் கியர்பெட்டியும் நிம்மதி பெறும். இது வீண்செயல் போலத் தோன்றினாலும், மேற்கண்ட கணக்குகளைப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் விளங்கும். 1994இல் அடுத்து வந்த 300டிடிஐ திறனில் ஒத்ததே. ஆயினும் தாங்கிகளும் இணைப்பு அமைப்பும் மாறுபடுவதால் சீரீஸ் வண்டியில் அதைப் பொருத்தக் கூடுதல் உழைப்பு தேவை.

ஆஸ்திரேலியாவில் வேறொரு மரபு உருவானது. அங்கு எங்கும் எளிதில் கிடைத்த ஹோல்டன் ஆறு உருளை பெட்ரோல் எஞ்சின்கள் பல லேண்ட் ரோவர்களில் ஏறின. அவற்றுக்கான இணைப்புத் தகடுகள் ஆயத்தமாகவே விற்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தனித்திருக்கும் பண்ணையில், எந்த எஞ்சின் சிறந்தது என்பதைவிட எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்பதே கேள்வி.

மலைப்பாதையும் டர்போவும்

மேற்கு வங்காளத்தின் டார்ஜீலிங் மாவட்டத்தில் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில், 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றுள்ளன. அவற்றுள் பலவற்றில் பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மகிந்திரா டீசல் எஞ்சின்கள் உள்ளூரிலேயே பொருத்தப்பட்டன. காரணம் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்களுடையதே: பாகம் கிடைப்பதும் எரிபொருள் செலவும்.

இத்தகைய உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 30% குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டீசல் எஞ்சினில் காற்று குறைந்தும் எரிபொருள் குறையாதிருந்தால் கரும்புகை வரும். டர்போ, காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் இவ்விழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்யும். ஆகவே டர்போவை நீக்குவது சமவெளியில் ஏற்கத்தக்கது. உயர்ந்த மலையில் அவ்வாறன்று.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறும்போது

இம்மாற்றத்தில் மறக்கப்படுபவை சில. பெட்ரோல் எஞ்சினின் காற்றிழுப்புக் குழாயில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகிறது. தடையின் துணை விசை அமைப்பு அதைக் கொண்டே இயங்குகிறது. டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் தகடு இல்லாததால் அவ்வெற்றிடம் இல்லை. தனி வெற்றிடப் பம்பு இல்லாவிடில் தடைமிதி கல்லாகிவிடும். பீய்ச்சுப் பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் திரும்பிச் செல்ல இரண்டாவது குழாய் வேண்டும். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கக் கூடுதல் வலிமையுள்ள மின்கலமும் தடித்த கம்பிகளும் வேண்டும். டர்போ எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டரும் இடைக்குளிர்விப்பானும் தேவைப்படுவதால் முன்புறத்தில் இடநெருக்கடி ஏற்படும்.

எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியும் கவனத்துக்குரியது. சீரீஸ் வண்டியில் முன்னச்சின் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்புறம் தள்ளியுள்ளது. நின்ற நிலையில் போதுமான இடைவெளி தெரியும். பள்ளத்தில் விழுந்து வில்பட்டைகள் முழுதும் அழுந்தும்போது அச்சு மேலெழுந்து தொட்டியை இடித்தால், சேதம் அறியப்படுவது எண்ணெய் முழுதும் வடிந்த பிறகே.

பழைய எஞ்சினை வாங்கும்போது, அதை வண்டியிலிருந்து கழற்றுமுன் குளிர்ந்த நிலையில் தொடங்கச் செய்து பார்ப்பதே சிறந்த சோதனை. முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், சூடான பின்னும் நிற்காத வெண்புகை குளிர்நீர் உருளைக்குள் கசிவதையோ பீய்ச்சல் கோளாற்றையோ காட்டும். 200டிடிஐயில் கிராங்க் தண்டையும் வால்வுத் தண்டையும் இணைப்பது பற்பட்டை. அது அறுந்தால் வால்வுகள் சேதமடையும். எனவே எஞ்சின் வெளியே இருக்கும்போதே பட்டையை மாற்றிவிடுவது வழக்கம்.

மூல எஞ்சினைப் புதுப்பித்தல்

மாற்றாமல் இருப்பதும் ஒரு தெரிவு. 2¼ லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் உருளைகளைத் துளைத்துப் பெரிதாக்கி, புதிய உந்துதண்டுகளும் தாங்கிகளும் இட்டுப் புதுப்பிக்கலாம். அதற்கான பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்ததால், புதுப்பிக்கும்போது கடினமாக்கப்பட்ட வால்வு இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. 2021 முதல் 10% வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கு இயல்பானதாகிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிப்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், டீசல் மாற்றத்துக்கான செலவை எரிபொருள் சேமிப்பு ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். இத்தகைய உரிமையாளருக்குப் புதுப்பித்தலே சிக்கனமானது.

சட்ட நிலை

பெரும்பாலான நாடுகளில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். பிரித்தானியாவில் எஞ்சின் எண், கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் திருத்த வேண்டும். அங்கு 2018 மே முதல், 40 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் முந்தைய 30 ஆண்டுகளுக்குள் வண்டி பெருமளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. அதே எஞ்சினின் வேறு கொள்ளளவுகளும், தொழிற்சாலை அவ்வகை வண்டிக்கு அளித்த பிற எஞ்சின்களும் பெருமாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. உருளைகளின் எண்ணிக்கை மாறினால் பெருமாற்றமாகக் கருதப்படும் வாய்ப்பு மிகுதி. விலக்கு இல்லாவிடினும் வண்டியை ஓட்டலாம். ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அவ்வளவே. ஆஸ்திரேலியாவில் பெரிய எஞ்சின் மாற்றங்களுக்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று தேவைப்படும். சான்று வழங்குவோர் எஞ்சினை மட்டும் பார்ப்பதில்லை. அதைத் தாங்கத் தடைகளும் சட்டகமும் போதுமா என்பதையும் ஆராய்கின்றனர்.